வளையம் மாறிய கோழிகள்

அத்தியாயம் 11

லாரி முந்திக்கொண்டது. சண்முகப்பிரியாவின் ஸ்கூட்டர் அதற்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

மோகனூர் ரோட்டிலிருந்து பிரியும் மண் தடத்தில் அவள் வண்டியை முறுக்கி வந்த வேகத்தைப் பார்த்து, பண்ணை வாசலில் கட்டியிருந்த நாய் குரைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. வேண்டாம் என்று முடிவெடுத்துப் படுத்துக்கொண்டது. அந்த வளாகத்தில் அன்றைக்குப் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான்.

போன வாரம் அண்ணன் கலையரசன் போனில் சொன்னது ஒரே பேச்சு. "உன்ற கிழட்டுக் கோழியெல்லாம் வெள்ளிக்கெழம ஏத்தறோம். செட்டக் காலி பண்ணோணும்." அவ்வளவுதான், வைத்துவிட்டான். கோழி வியாபாரத்தில் பழகியவர்கள் போனில் நீட்ட மாட்டார்கள். நீட்டினால் எதிராளி விலையை இறக்கிவிடுவான்.

அவள் கால்நடை மருத்துவம் படித்தவள், நாமக்கல்லில் ஆராய்ச்சி செய்பவள். பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுநோய் முட்டைக்கோழிக்கும் தானாகவே வரும். ஓயாமல் முட்டை போட்டுப் போட்டு அதன் சினைப்பை தேய்ந்து போகிறது. ஆனால் கோழி கிழடானால்தான் அந்த நோய் வரும். நாமக்கல் வட்டாரத்தில் எந்தக் கோழியைக் கிழடாக விடுகிறார்கள்? முட்டை குறைந்ததா, லாரி ஏறு.

அதனால்தான் அப்பா தங்கமுத்துவிடம் கெஞ்சி ஒரு சின்ன செட்டை, கோழிக் கொட்டகையை, வாங்கியிருந்தாள். முட்டை குறைந்ததால் கழித்த கோழிகளை அதில் விட்டு, ஒவ்வொன்றின் காலிலும் எண் போட்ட வளையம் மாட்டி, மாதாமாதம் இறக்கையில் ரத்தம் எடுத்து, உறையவைத்துப் பத்திரப்படுத்தினாள். என்றைக்காவது ஒரு கோழிக்கு நோய் வந்தால், அதே கோழியின் பழைய ரத்தங்களை எடுத்துப் பின்னோக்கிப் பார்க்கலாம். வயிறு வீங்குவதற்கு முன்பே ரத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது? அந்த அடையாளம் கோழியில் கிடைத்தால், பெண்களின் ரத்தத்திலும் தேடலாம். நோய் முற்றும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பிடிக்கலாம். அவள் கனவு இவ்வளவுதான்.

மூன்று வருடமாயிற்று. ஒரு கோழிக்கும் நோய் வரவில்லை. வயிற்றெரிச்சல் என்றால் அப்படியொரு வயிற்றெரிச்சல்.

"நிறுத்துங்க!" என்று ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல் கத்தினாள். வண்டி சாய்ந்து விழுந்தது. "யாரக் கேட்டு ஏத்தறீங்க?"

கோழிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் கலையரசனைப் பார்த்தார்கள். அவன் வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எங்க செட்டு. நாங்க போட்ட தீவனம். யாரக் கேக்கோணும்?"

"வளையம் போட்டது நானு!"

"வளையந்தான் உன்றது. தின்னுட்டு உக்காந்திருந்தது எங்களுது. திங்கக்கெழம புது செட்டு திறப்பு. என்ற மாமனார் ஊட்டு ஒறம்பரைச் சனமெல்லாம் வாராங்க. முட்ட போடாத கோழிக்குத் தீவனம் போடற பண்ணைன்னு அவுங்க சிரிக்கோணுமா?"

"சிரிக்கட்டும். உன்ற மாமனார் சிரிச்சா என்ன, அழுதா என்ன?"

"இந்த வாய்தான் உன்னய இப்புடித் தனியா நிறுத்தியிருக்குது."

இருபதுகளில் இதைச் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள். இப்போது வயது முப்பத்திமூன்று. "என்ற வாய உடு. கோழிய எறக்கு" என்றாள்.

"எறக்கி? மூணு வருசமா என்னத்தக் கிழிச்ச? ஒத்தக் கோழிக்காச்சும் நோவு வந்துச்சா சொல்லு."

அடி சரியான இடத்தில் விழுந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுடைய பேராசிரியரும் இதையேதான், கொஞ்சம் நல்ல தமிழில், கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கமுத்து மகளுக்காகப் பரிந்து வாயைத் திறந்தார். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"டேய், நோவு எப்புடிடா வரும்? நாந்தான பாத்துக்கறேன்! வயிறு உப்பி, காலை அகட்டி நடக்கறதையெல்லாம் நானே பொறுக்கி அன்னன்னைக்கே அக்கட்டால ஒதுக்கித் தள்ளிருவன். அம்மிணி வந்து பாக்கறப்ப செட்டு லட்சணமா இருக்கோணுமா இல்லையா?"

சண்முகப்பிரியா மெல்லத் திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"எண்ணிக்கை கொறஞ்சா உன்ற மேலதிகாரி வைவாருன்னு, வளையத்தக் கழட்டி, ஏத்தற கோழியில நல்லதா ஒண்ணப் புடிச்சு மாட்டி உட்டுருவன். உனக்கு எதுக்குச் சங்கடம்னுதான் சொல்லல, கண்ணு."

கிழவர் முகத்தில் அப்படியொரு பெருமை. பிள்ளையின் பரீட்சைக்குப் பேனா வாங்கிக் கொடுத்த தகப்பனின் முகம்.

இதில் அவரைச் சூதுக்காரர் என்று சொல்ல முடியாது. பாங்க்காரர் வந்தாலும் இன்சூரன்ஸ்காரர் வந்தாலும் அவர் பண்ணையில் சீக்குக் கோழி கண்ணில் படாது. தலை எண்ணிக்கை சரியாக இருக்கும். வாழ்நாள் முழுக்க வாடிக்கைக்காரருக்கு நல்ல சரக்கை மேலே அடுக்கிக் காட்டியவர், மகளுக்கும் மேலேயே அடுக்கிக் காட்டிவிட்டார்.

"அப்பா!" அவள் கத்தியதில் லாரியிலிருந்த கோழிகள் சிறகடித்தன. "அந்த வயிறு உப்புன கோழிதாம்ப்பா எனக்கு வேணும்! அதுக்குத்தான இத்தன வருசமாக் காத்துக் கெடந்தேன்! அது ஒண்ணு வராதான்னுதான் மாசாமாசம் வந்து வந்து பாத்தேன்!"

"சீக்குக் கோழிய வெச்சுட்டு என்ன கண்ணு பண்ணுவ?" உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அவள் காலடியில் கிடந்த தண்ணீர் வாளியை உதைத்தாள். வாளி உருண்டு போய்க் கலையரசனின் வெள்ளை வேட்டியை நனைத்தது. அவன் எகிறினான். அவளும் எகிறினாள். மரியாதையெல்லாம் பேச்சிலிருந்து உதிர்ந்து, இரண்டு பேரும் பத்து வயதில் திட்டிக்கொண்ட வார்த்தைகளுக்கே திரும்பினார்கள். ஏற்றுக்கூலி ஆட்கள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வசதியாக நின்று கேட்டார்கள்.

கடைசியில் அவள் கண் அம்மாவின் மேல் விழுந்தது.

சாலம்மாள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றிருந்தாள். மாதாமாதம் ரத்தம் எடுக்கும்போது கோழியைப் பிடித்துக் கொடுப்பவள் அவள்தான். இரண்டு காலையும் ஒரு கையில் கவ்வி, உடம்பைக் கக்கத்தில் அணைத்து, ஓர் இறக்கையை மட்டும் விரித்துக் காட்டுவாள். அவள் பிடித்தால் கோழி மூச்சுக்கூட அளந்துதான் விடும்.

"உனக்குத் தெரியுமாம்மா? வளையம் மாத்துனது?"

"தெரியும் சாமி."

"தெரிஞ்சுமா? எங்கூடவே உக்காந்து, வேற கோழியப் புடிச்சுக் குடுத்திருக்கற! ஏம்மா சொல்லல? வாயில என்ன வெச்சிருந்த?"

சாலம்மாள் பக்கத்திலிருந்த தீவன மூட்டையை நோக்கி நடந்தாள். நாலே எட்டு இருக்கும். மகள் அந்த நடையைப் பார்த்தாள். காலை அகட்டி, முதுகைப் பின்னுக்கு வாங்கி, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு. மூட்டையில் உட்காரும்போது ஒரு கையை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, நிறைகுடத்தை இறக்கி வைப்பதைப் போல இறக்கினாள்.

சண்முகப்பிரியாவின் கோபம் அந்தரத்தில் நின்றது.

இத்தனை நாளும் அம்மாவுக்குக் கேஸ் தொந்தரவு என்றார்கள். அரைத் தோசைக்கு மேல் இறங்கவில்லை என்றபோது வயசாகுதல்ல என்றார்கள். கலையரசன் மருந்துக்கடையில் ரோஸ் நிறத்தில் ஏதோ டானிக் வாங்கி வந்தான். அப்பா, "என்ன சாலா, இந்த வயசுல முழுகாம இருக்கறயா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அதைப் போனில் கேட்டு சண்முகப்பிரியாவும் சிரித்திருந்தாள்.

ஓடிப்போய் மண்டியிட்டாள். சேலைக்கு மேலேயே கையை வைத்தாள். ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்து மறு பக்கம் விரலால் சுண்டினாள். உள்ளே தண்ணீர் அலம்பி வந்து உள்ளங்கையில் மோதியது.

"எப்ப இருந்தும்மா?"

"கேஸு சாமி. சீரகத் தண்ணி குடிச்சா..."

"கேஸு இல்லம்மா இது." எழுந்தாள். "அண்ணா, கார் சாவி குடு. சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகோணும். இப்பவே."

"இப்பவேயா? காரு விருந்து மண்டபத்துக்குச் சாமான் ஏத்தப் போயிருக்குது. திங்கக்கெழம திறப்பு முடியட்டும். அம்மா இல்லாம புது செட்டுல பால் காச்சறது யாரு? உன்ற அண்ணி காச்சுனா, மாமியாக்காரி எங்கன்னு ஒறம்பரை கேக்காதா?"

"அப்புறம் போலாம் கண்ணு," தங்கமுத்து சமாதானத்துக்கு வந்தார். "செவ்வாக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன்."

"இன்னைக்கு."

"சரி, திங்கக்கெழம சாயங்காலமே போயிரலாம். பால் பொங்குன கையோட."

"இன்னைக்கு!"

"ஞாயித்துக்கெழம டாக்டரு இருப்பாங்களான்னு வேணா விசாரிச்சு..."

"முட்ட விலையாப்பா பேசறீங்க?" என்று அவள் போட்ட சத்தத்தில் கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நாலு நாளுங்கறீங்க, மூணுங்கறீங்க, ரெண்டுக்கு வாறீங்க! கோழிக்கு மாசாமாசம் ரத்தம் எடுத்தீங்க, எச்சத்தக் கொண்டுபோய்ச் சோதிச்சீங்க, ஒரு தும்மல் போட்டா டாக்டரக் கூப்புட்டீங்க. உங்களுக்கு நாப்பது வருசமா ஆக்கிப் போட்டவளுக்கு என்ன பாத்தீங்க? ஒரு ஸ்கேன்? ஒரு சொட்டு ரத்தம்?"

அந்தக் கேள்வி தனக்கும் சேர்த்துத்தான் என்பது அவளுக்கே தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

கலையரசன்தான் முதலில் தேறினான். "சும்மா சீன் போடாத. கோழிய ஏத்தறதத் தடுக்கறதுக்கு இது ஒரு வழி."

அவள் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளும் இந்த வீட்டுப் பெண்தான். பேரம் படியும் இடம் அவளுக்கும் தெரியும்.

"சரி. அத்தன கோழியையும் ஏத்திக்க. ஒத்தக் கோழிக்கும் உரிமை கேக்க மாட்டேன். வாசல்ல நிக்க மாட்டேன், உன்ற மாமனார் முன்னால மானத்த வாங்க மாட்டேன். அம்மாவ எனக்கு உடு."

அவனுக்கு அது லாபமாகத்தான் பட்டது. "அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றான்.

பெற்ற தாய்க்கு அப்படி விலை படிந்தது.

லாரி ஓட்டுகிற பச்சமுத்து இதையெல்லாம் கேட்டும் கேட்காதவர்போல டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார். "ஏனுங்க அம்மிணி, நான் சேலந்தானுங்க போறேன். முன்னால ரெண்டு பேரு தாராளமா உக்காரலாமுங்க."

"கோழி லாரியிலயா?" தங்கமுத்து பதறினார். "ஊரு என்ன பேசும்? சாலா, நீ எறங்கு. சாலா!"

சாலம்மாள் ஏற்கெனவே படியில் கால் வைத்திருந்தாள். மகள் பின்னாலிருந்து தாங்க, கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"திங்கக்கெழமக்குள்ள வந்துருவீல்ல?"

அவள் புருசனைப் பார்க்கவே இல்லை. நேராக ரோட்டைப் பார்த்தபடி, "வண்டிய எடுங்க தம்பி" என்றாள்.

லாரி நாமக்கல்லைத் தாண்டியது. பின்னால் பெட்டிகளில் கோழிகள் முனகிக்கொண்டே வந்தன. காற்றில் இறகு ஒன்று உள்ளே பறந்து வந்து சாலம்மாளின் மடியில் விழுந்தது. அவள் அதை எடுத்து வெளியே விட்டாள்.

"ஏன் சொல்லலன்னு கேட்டியே," என்றாள்.

"இப்ப அது வேண்டாம்மா."

"வயிறு உப்புனதையெல்லாம் உங்கப்பன் என்ன பண்ணாருன்னு நாந்தான பாத்தேன். காலையில பாப்பாரு. தூக்கி எடைபோட்ட மாதிரி பாப்பாரு. சாயங்காலம் அந்த எடத்துல வேற கோழி நிக்கும். அதே வளையத்தோட." ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "எனக்கும் உப்புச்சு. நான் சேலைய மேல ஏத்திக் கட்டிக்கிட்டேன்."

பச்சமுத்து கியர் மாற்றுவதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சண்முகப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுதால் கோபம் கரைந்துவிடும். இன்றைக்கு அது தேவைப்பட்டது. அந்தக் கோபத்துக்கு நடுவே புத்தியின் ஒரு மூலை மட்டும் தன்பாட்டில் வேலை செய்தது. வளையம்தானே மாறியது? ரத்தம் மாறாதே. ஒரே எண்ணில் இருக்கும் ரத்தப் புட்டிகளை வரிசையாகச் சோதித்தால், எந்த மாதத்தில் கோழி மாறியது என்று மரபணுவே சொல்லிவிடும். கோழி மாறிய மாதம்தான் வயிறு உப்பிய மாதம். அதற்கு முந்தைய ரத்தமெல்லாம் உறைபெட்டியில் இருக்கிறது. அந்தக் கோழிகளின் வயிற்றைத் திறந்து பார்க்காததால் அது அரைச் சாட்சிதான். ஆனாலும் சாட்சி.

அம்மாவுக்கு அந்த அரைச் சாட்சியும் இல்லை. அவளிடமிருந்து யாரும் ஒரு புட்டி கூட எடுத்து வைக்கவில்லை.

சேலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கோழி லாரி நின்றதும் காவலாளி விசிலோடு ஓடிவந்தான். இறங்கியவர்களைப் பார்த்து விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சக்கர நாற்காலி கொண்டுவந்தான்.

ஸ்கேன் முடிந்து, பெண் டாக்டர் அறைக்குள் இருவரையும் உட்காரவைத்தார். சுற்றி வளைக்கவில்லை.

"சினைப்பையில கட்டி இருக்கு. வயிறு பூரா தண்ணி. புற்றுநோயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எவ்வளவு பரவியிருக்குன்னு இன்னொரு ஸ்கேன்ல பார்க்கணும். இன்னைக்கே அட்மிட் பண்ணிடலாம். ரத்தத்துலயும் ஒரு டெஸ்ட் பார்க்கிறேன். ஆனா அந்த ஒரு அளவை வெச்சு மட்டும் எதையும் முடிவு பண்ண முடியாது. வேற காரணத்துக்கும் ஏறும். நோய் ஆரம்பத்துல சில பேருக்கு ஏறவே ஏறாது."

"தெரியுங்க டாக்டர். முன்னாடியே காட்டிக் குடுக்கறது எதுவும் இன்னும் கையில இல்ல. அதத் தேடறதுதான் என்ற வேலையே."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாலம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க பிறந்த வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி?"

"எங்கக்கா மாரக்காளுக்கு வயித்துல கட்டின்னாங்க. மோகனூர்ல கட்டிக் குடுத்திருந்தோம். நாப்பத்தஞ்சுலயே போயிட்டா." சாலம்மாள் யோசித்தாள். "எங்கம்மாவுக்கும் கடைசியில வயிறு இப்புடித்தான் இருந்துச்சுங்க. செய்வினைன்னு சொல்லி மந்திரிச்சுக்கிட்டே இருந்தாங்க."

இந்தக் கதையில் எதுவும் சண்முகப்பிரியாவுக்குத் தெரியாது. பெரியம்மா காய்ச்சலில் போனாள் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இப்போது அவர் பார்த்தது மகளை.

"உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்திமூணு."

"பரம்பரையா வரக்கூடிய மாற்றம் இருக்கான்னு ரத்தத்துல பார்க்கலாம். முதல்ல அம்மாவுக்குப் பார்ப்போம். அவங்களுக்கு இருந்தா, அப்புறம் உங்களுக்கு எடுத்துக்கலாம். அவசரமில்லை."

"அப்புறமா?"

கேட்டது சாலம்மாள். அறையில் இருந்த எல்லோரும் திடுக்கிட்டார்கள். அந்தக் குரலை அவள் மகளே கேட்டதில்லை.

"காலையில இருந்து அதத்தானுங்க கேக்கறேன். செட்டு திறந்துட்டு அப்புறம். பால் காச்சிட்டு அப்புறம். எங்கக்காளுக்கும் அப்புறம்னாங்க, எங்கம்மாளுக்கும் அப்புறம்னாங்க." மேஜையில் கையால் ஓங்கி அடித்தாள். மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் விழுந்தது. "இவளுக்கு அப்புறங்கற பேச்சே வேண்டாம். என்றதையும் எடுங்க, இவளதையும் எடுங்க. ஒண்ணா எடுங்க!"

டாக்டர் ஏதோ விளக்க வாயெடுத்தார். அந்த முகத்தைப் பார்த்தார். "நர்ஸைக் கூப்பிடுங்க" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

முதலில் சாலம்மாள் கையை நீட்டினாள். ஊசி இறங்கியபோது இமை கூட ஆடவில்லை.

அடுத்தது சண்முகப்பிரியா. எத்தனையோ இறக்கைகளில் ஊசி குத்திய கை, இப்போது ஊசியைக் கண்டு பின்னுக்கு இழுத்துக்கொண்டது. நர்ஸுக்கு நரம்பு பிடிபடவில்லை. கைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. திரையில் அப்பா.

"அடிக்கட்டும்" என்றாள் சாலம்மாள்.

நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். மகளின் முழங்கையைத் தன் கக்கத்தில் அணைத்து, மணிக்கட்டை ஒரு கையில் கவ்வி, கையை விரித்துக் காட்டினாள். அந்தப் பிடியை சண்முகப்பிரியாவின் உடம்பு உடனே அடையாளம் கண்டது. கை அடங்கியது.

"அசையாத சாமி."

ரத்தம் புட்டியில் ஏறியது. நர்ஸ் இரண்டு புட்டிகளையும் தட்டில் அருகருகே வைத்து, பெயர்ச் சீட்டுகளை உரிக்கத் தொடங்கினாள்.

சாலம்மாள் மகளின் கையை விடாமலே முன்னால் குனிந்தாள்.

"பேரைச் சரியா ஒட்டு கண்ணு," என்றாள். "ஒண்ணுக்கு ஒண்ணு மாறக் கூடாது."